ரெட் டாட் மங்கிவிட்டால் வீட்டிலேயே பிரித்துச் சரி செய்யலாமா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். கொடைக்கானல் மலையில் உள்ள மன்னவனூரில் விருந்தினர் தங்கும் வீடு நடத்துகிறீர்கள். இரவில் வானம் காட்டுவதற்கு 650 மி.மீ. குவியத் தூரம் கொண்ட 130 மி.மீ. தொலைநோக்கி வைத்திருக்கிறீர்கள். அதன் குழாய்மேல் இருக்கும் ரெட் டாட், அதாவது தொலைநோக்கி வானத்தில் எங்கே பார்க்கிறது என்று ஒரு சிவப்புப் புள்ளியால் காட்டும் சின்னக் கருவி, ஐப்பசி மழைக்குப் பிறகு சரியாக வேலை செய்யவில்லை. சிவப்புப் புள்ளி தட்டினால் வருகிறது, கொஞ்ச நேரத்தில் போய்விடுகிறது. வரும்போதும் மங்கலாக, ஒரு பக்கம் வால் இழுத்த மாதிரி தெரிகிறது. முன்னால் இருக்கும் கண்ணாடி லேசாக ஆடுகிறது. சென்னைக் கடைக்காரர் புதிதாக வாங்கச் சொல்கிறார். நண்பர் ஒருவர் சுவிட்சுக்குள் எண்ணெய் ஸ்பிரே அடித்து, கண்ணாடியை ஃபெவிக்விக் போட்டு ஒட்டச் சொல்கிறார். வீட்டில் பிரிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பிரிக்கலாம். எதுவரை பிரிக்கலாம், எந்த இடத்தில் கையை எடுத்துவிட வேண்டும் என்பதுதான் உங்களுக்கு உண்மையில் தெரிய வேண்டியது.

நான் கொடைக்கானலில் இருப்பவன். கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தில் கருவிகளைப் பராமரிக்கும் வேலையில் பல வருடங்கள் இருந்தேன். நுண்ணோக்கி, ஸ்பெக்ட்ரோமீட்டர், தொலைநோக்கி என்று மலை ஈரத்தில் கெட்டுப்போனவை எல்லாம் என் மேசைக்கு வந்திருக்கின்றன. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: பேட்டரி, சுவிட்ச், ஒயர் இருக்கும் மின்சாரப் பகுதியை நிதானமாக வேலை செய்யத் தெரிந்த யாரும் வீட்டிலேயே சரி செய்யலாம். கண்ணாடியைக் கழற்றக் கூடாது. உங்கள் விஷயத்தில் இன்னொன்றும் இருக்கிறது. புள்ளி வந்து வந்து போவது ஒரு கோளாறு, வால் இழுப்பது வேறு கோளாறு. இரண்டும் ஒரே மழையில் தொடங்கியதால் ஒன்று என்று நினைக்கத் தோன்றும். தனித்தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

முதலில் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். மிகக் கொஞ்சம்தான் இருக்கிறது. முன்பக்கம் ஒரு கண்ணாடி, சற்றுச் சாய்த்து ஒட்டப்பட்டிருக்கும். உங்கள் கண்ணைப் பார்க்கும் பக்கம் லேசாகக் குழிந்திருக்கும். அதன்மேல் சிவப்பு ஒளியை மட்டும் அதிகமாகத் திருப்பி அனுப்பி, மற்ற நிறங்களை உள்ளே விடும் மெல்லிய பூச்சு ஒன்று இருக்கும். பின்பக்கம் கீழே ஒரு சிவப்பு எல்.இ.டி, அதன் முன்னால் ஊசிமுனை அளவு துளை. அந்தத் துளை கண்ணாடியின் குவியப் புள்ளியில் இருக்கும். அங்கிருந்து கிளம்பும் ஒளி கண்ணாடியில் பட்டு, இணை கதிர்களாகத் திரும்பி உங்கள் கண்ணுக்கு வருகிறது. அதனால்தான் புள்ளி கண்ணாடியில் இல்லாமல் நட்சத்திரத்தின் தூரத்தில் மிதப்பதாகத் தெரிகிறது. தலையைக் கொஞ்சம் அசைத்தாலும் புள்ளி இலக்கை விட்டு நகராமல் இருப்பதும் இதனால்தான். இதில் பெரிதாக்கிக் காட்டும் வேலை எதுவும் கிடையாது.

இந்த யோசனைக்கு 1900ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றவர் அயர்லாந்தின் டப்ளின் நகரத்தில் தொலைநோக்கி செய்துவந்த ஹோவர்ட் கிரப். எல்.இ.டி அப்போது கிடையாது, வெளியிலிருந்து வரும் வெளிச்சத்தை வைத்தே அவர் இதை அமைத்தார். பேட்டரியில் எரியும் இன்றைய ரெட் டாட் 1975இல் ஸ்வீடனில் துப்பாக்கிக்காகச் செய்யப்பட்டு, பிறகு தொலைநோக்கிக்கும் வந்து சேர்ந்தது. நம் ஊர்க்காரர்களுக்கு இதில் ஒரு தொடர்பு உண்டு. பூனாவில் இருந்த 20 அங்குலத் தொலைநோக்கி அதே கிரப் பட்டறையில் செய்தது. அந்த ஆய்வகம் மூடப்பட்டபோது, 1912இல் அது கொடைக்கானல் வான் ஆய்வகத்துக்கு வந்தது. ரெட் டாட்டைக் கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும், அதனால் சொன்னேன்.

சரி, வேலைக்கு வருவோம். திருப்புளியை எடுப்பதற்கு முன் ஒரு சோதனை. அறையை இருட்டாக்கிவிட்டு ரெட் டாட்டை முழு வெளிச்சத்துக்குத் திருப்புங்கள். எல்.இ.டி துளைக்கும் கண்ணாடிக்கும் நடுவில் ஒரு வெள்ளைக் காகிதத் துண்டைப் பிடியுங்கள். காகிதத்தில் சிவப்பு விழுந்தால் மின்சாரப் பகுதி உயிரோடு இருக்கிறது. விழவே இல்லை என்றால் கோளாறு பேட்டரியிலிருந்து எல்.இ.டி வரையிலான பாதையில் எங்கோ இருக்கிறது. காகிதத்தில் சிவப்பு நன்றாக விழுந்து, பின்னால் நின்று பார்க்கும்போது மட்டும் புள்ளி தெரியவில்லை என்றால் கண்ணாடியோ எல்.இ.டியோ இடம் மாறியிருக்கிறது. காகிதத்தைப் பிடித்தபடியே வெளிச்சக் குமிழைத் திருப்பிப் பாருங்கள், பேட்டரி மூடியை விரலால் அழுத்திப் பாருங்கள், கருவியின் உடம்பை லேசாகத் தட்டிப் பாருங்கள். எதைத் தொடும்போது வெளிச்சம் துடிக்கிறதோ அங்கேதான் உங்கள் வேலை.

தட்டினால் வருகிறது என்று நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் எல்.இ.டி பெரும்பாலும் கெட்டிருக்காது என்று சொல்லலாம். செத்துப்போன எல்.இ.டி தட்டினால் எரியாது. எங்கோ தொடுப்பு விட்டு விட்டுப் பிடிக்கிறது. அது பேட்டரித் தகடா, சுவிட்சா, ஒயரா என்பதைக் கருவியைக் கையில் எடுக்காமல் என்னால் சொல்ல முடியாது. ஆனால் மழைக்குப் பிறகு வந்தது என்பதால் என் சந்தேகம் முதலில் பேட்டரித் தகட்டின்மேலும், அடுத்து சுவிட்சின்மேலும்தான். இந்த வரிசையிலேயே போங்கள்.

பேட்டரி பெரும்பாலும் சி.ஆர்.2032 என்ற வட்டப் பேட்டரியாக இருக்கும். 20 மி.மீ. விட்டம், 3.2 மி.மீ. தடிமன், 3 வோல்ட். கொடைக்கானல் பஜாரில் கைக்கடிகாரக் கடையிலேயே கிடைக்கும். அங்கே சில சமயம் 2032 இல்லை, 2025 போடுங்கள், அதே 3 வோல்ட்தான் என்று கொடுப்பார்கள். வாங்காதீர்கள். 2025இன் தடிமன் 2.5 மி.மீ.தான். குறையும் அந்த 0.7 மி.மீட்டரில் தகடு சரியாக அழுந்தாது, நீங்கள் சொல்லும் இதே துடிப்பு வரும். ஏற்கெனவே உள்ளே இருப்பது எந்த எண் என்று பார்த்துவிடுங்கள், யாராவது மாற்றிப் போட்டிருக்கலாம். மல்டிமீட்டர் வைத்துப் பழைய பேட்டரியை அளந்து 3 வோல்ட் காட்டுகிறது, நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டவும் வேண்டாம். இந்தவகை லித்தியம் பேட்டரி பெரும்பகுதி தீர்ந்த பிறகும் சும்மா அளந்தால் 3 வோல்ட்டுக்குப் பக்கத்திலேயே காட்டும். வேலை கொடுத்தால்தான் தளரும். மார்கழி, தை இரவுகளில் உங்கள் பக்கம் உறைபனி விழும்போது இன்னும் மோசமாகத் தளரும். புதுசு போட்டுப் பார்ப்பதுதான் நம்பகமான சோதனை. புதுசு போட்டதும் மங்கல் போய்விட்டால் பாதி வேலை முடிந்தது.

இங்கே ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். உங்கள் வீட்டுக்குக் குழந்தைகளோடு விருந்தினர் வருகிறார்கள். இந்த வட்டப் பேட்டரியை ஒரு குழந்தை விழுங்கி, அது உணவுக்குழாயில் சிக்கிக்கொண்டால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உள்ளே கடுமையான புண் உண்டாக்கிவிடும். பழைய பேட்டரியை மேசைமேல் போட்டு வைக்காதீர்கள். இரண்டு பக்கமும் டேப் ஒட்டி, குழந்தை கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். விழுங்கியிருக்குமோ என்ற சந்தேகம் வந்தாலே போதும், காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். உங்கள் ஊரிலிருந்து கொடைக்கானல் வரவே நேரம் பிடிக்கும் என்பது உங்களுக்கே தெரியும்.

அடுத்து தகடு. பேட்டரி உட்காரும் இடத்தில் மேலும் கீழும் மெல்லிய உலோக நாக்குகள் இருக்கும். மலை ஈரத்தில் அவற்றின்மேல் கண்ணுக்குத் தெரியாத மங்கல் படலம் படியும், சில சமயம் பச்சையாகவே பூத்திருக்கும். பென்சில் அழிக்கும் ரப்பரால் மெதுவாகத் தேயுங்கள். உப்புத்தாள் வேண்டாம், அது மேல் முலாமை எடுத்துவிடும், அடுத்த மழையில் இன்னும் வேகமாகப் பூக்கும். ரப்பர் துகளை ஊதித் தள்ளிவிட்டு, பஞ்சுக் குச்சியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடையுங்கள். 99 சதவீதம் என்று போட்டிருப்பதாக வாங்குங்கள். கை துடைக்கும் சானிடைசரில் தண்ணீரும் பிசினும் கலந்திருக்கும், அது உதவாது. காய்ந்ததும் நாக்கை நகத்தால் ஒரு மயிரிழை மேலே தூக்கிவிட்டால் பேட்டரியை இறுக்கமாகப் பிடிக்கும். அதிகம் தூக்கினால் ஒடிந்துவிடும். இடைவெளியை அடைக்க அலுமினியத் தாளை மடித்து வைக்கும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. அது நகர்ந்து இரண்டு முனையையும் சேர்த்துத் தொட்டால் பேட்டரி சூடாகித் தீர்ந்துவிடும், வைக்காதீர்கள்.

தகடு சுத்தமான பிறகும் துடிக்கிறதா? குமிழைத் திருப்பும்போது மட்டும் துடிக்கிறது என்றால் கோளாறு சுவிட்சில். பெரும்பாலான மலிவு ரெட் டாட்களில் பழைய ரேடியோவின் வால்யூம் கன்ட்ரோல் போலவே ஒரு சுழல் தடையும் அதோடு சேர்ந்த சுவிட்சும் இருக்கும். உள்ளே ஒரு சிறிய உலோகக் கை கரிப்பாதையின்மேல் வழுக்கிப் போகும். அந்தப் பாதையில் ஈரமும் தூசியும் படிந்தால் தொடுப்பு விடும். பேட்டரியைக் கழற்றிவிட்டுக் குமிழை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை பலமுறை திருப்புங்கள். பல சமயம் இதுவே போதும், பாதை தானே துடைபட்டுவிடும். போதவில்லை என்றால் எலக்ட்ரானிக்ஸ் உதிரிபாகக் கடையில் கான்டாக்ட் கிளீனர் கேளுங்கள். மதுரைக்கோ சென்னை ரிச்சி தெருவுக்கோ யாராவது போனால் சொல்லி விடலாம். கண்ணாடியை டேப்பாலும் பிளாஸ்டிக் உறையாலும் முழுக்க மூடிவிட்டு, குழல் வைத்து ஒரு சிறு பீச்சு, அவ்வளவுதான். பிறகு மீண்டும் குமிழைத் திருப்பி, ஒரு இரவு காயவிடுங்கள். உங்கள் நண்பர் சொன்ன துரு எடுக்கும் எண்ணெய் ஸ்பிரே இதற்கு ஆகாது. எண்ணெய்ப் படலம் உள்ளேயே தங்கித் தூசியைப் பிடிக்கும். அதைவிட மோசம், அது மெல்லப் பரவிக் கண்ணாடிக்கும் வந்துவிடும்.

ஒயர் விட்டிருந்தால் மட்டுமே உடம்பைத் திறக்க வேண்டியிருக்கும். அடியில் இரண்டு மூன்று சிறு திருகாணிகள் இருக்கும். திறப்பதற்கு முன்னும், திறந்ததும் எதையும் அசைக்காமலும் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வெள்ளைத் தட்டின்மேல் வைத்துத் திறங்கள். மேலும் கீழும், இடமும் வலமும் நகர்த்தும் திருகுகளுக்கு அடியில் சின்னச் சுருள்வில் இருக்கும், துள்ளி ஓடிவிட்டால் தேடிக் கிடைக்காது. நகரும் பாகத்துக்குப் போகும் ஒயர் சால்டர் வைத்த இடத்துக்குப் பக்கத்தில்தான் ஒடியும், ஏனென்றால் திருகு திருப்பும்போதெல்லாம் அந்த இடம் வளைகிறது. 25 வாட் சால்டரிங் அயர்ன் போதும். பேட்டரியை எடுத்துவிட்டு, முனையை இரண்டு நொடிக்கு மேல் வைக்காமல் சால்டர் வையுங்கள். அதற்கு மேல் வைத்தால் சுற்றியுள்ள பிளாஸ்டிக் இளகிவிடும். சால்டர் பழக்கம் இல்லை என்றால் ஊரில் செல்போன் பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோங்கள், அவருக்கு ஐந்து நிமிட வேலை. கண்ணாடியைத் தொடாதீர்கள், எல்.இ.டியை நகர்த்தாதீர்கள் என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.

எல்.இ.டியை ஏன் நகர்த்தக் கூடாது என்பதைக் கணக்காகவே பாருங்கள். துளைக்கும் கண்ணாடிக்கும் இடையே 100 மி.மீ. இருப்பதாக வைத்துக்கொள்வோம். துளை பக்கவாட்டில் 1 மி.மீ. நகர்ந்தால் வானத்தில் புள்ளி ஏறத்தாழ 0.57 பாகை தள்ளிப் போகும். முழு நிலவின் அகலமே அரைப் பாகைதான். துளையின் அளவும் இப்படித்தான். 0.1 மி.மீ. துளை வானத்தில் சுமார் மூன்றரைக் கலை (ஒரு பாகையை அறுபதாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு கலை) அளவுப் புள்ளியாகத் தெரியும், அதாவது நிலவின் அகலத்தில் ஒன்பதில் ஒரு பங்கு. துளையை எடுத்துவிட்டுக் கடையில் கிடைக்கும் 5 மி.மீ. எல்.இ.டியை அப்படியே வைத்தால் புள்ளிக்குப் பதில் ஒரு பெரிய சிவப்புத் திட்டுதான் தெரியும். பச்சை எல்.இ.டி வைத்தால் கண்ணாடிப் பூச்சு அதைச் சரியாகத் திருப்பாது, மிகவும் மங்கலாக இருக்கும். ஆகவே எல்.இ.டி உண்மையிலேயே கெட்டிருந்தால், வீட்டில் மாற்றுவதைவிடக் கடைக்காரர் சொன்னபடி புதிது வாங்குவதுதான் புத்திசாலித்தனம். உங்களுடையது பெரும்பாலும் கெட்டிருக்காது என்பதால் அந்தப் பேச்சு இப்போது தேவையில்லை.

இனி வால். இதில்தான் உறுதியாகச் சொல்ல முடியாதவை அதிகம். முதல் சந்தேகம் உங்கள் கண்மேல். தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கருவிழியின் வளைவு எல்லாப் பக்கமும் ஒரே அளவாக இல்லாதவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சிவப்புப் புள்ளி வால் நட்சத்திரம் போலவோ சிதறிய கொத்துப் போலவோ தெரியும். இருட்டில் கண்பாவை விரியும்போது அது கூடும். சோதிப்பது எளிது. புள்ளியைப் பார்த்தபடியே தலையை ஒரு தோள் பக்கம் சாயுங்கள். வாலும் கூடவே சாய்ந்தால் அது உங்கள் கண்ணில் இருப்பது. தலை சாய்ந்தும் வால் அதே திசையில் நின்றால் அது கருவியில் இருப்பது. ரெட் டாட்டுக்குப் பின்னால் செல்போனை வைத்து ஒரு படமும் எடுங்கள். படத்தில் புள்ளி சுத்தமாக இருந்தால் கருவியைக் குறை சொல்ல முடியாது, மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு பாருங்கள் அல்லது கண் மருத்துவரைப் பாருங்கள். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் நல்ல ரெட் டாட்டைப் பிரித்துக் கெடுத்தவர்கள் உண்டு.

கருவியில்தான் என்றால் அடுத்த சந்தேகம் கண்ணாடிமேல் படிந்திருக்கும் அழுக்கு. தெளிந்த இரவில் கண்ணாடி தன் சூட்டை வானத்துக்கு இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடும். அப்போது அதன்மேல் பனி படியும். தொலைநோக்கியின் பெரிய ஆடி குழாயின் அடியில் மறைவாக இருக்கிறது, ரெட் டாட்டின் மெல்லிய கண்ணாடி திறந்த வெளியில் நிற்கிறது. அதனால் முதலில் பனிப்பது இதுதான். பனி காய்ந்தபின் கறை நிற்கும். உங்கள் வீட்டில் விருந்தினருக்காகத் தீ மூட்டுவீர்கள் என்று நினைக்கிறேன். அந்தப் புகையின் பிசுக்கும் கறையோடு சேரும். விரல் ரேகை வேறு. இவை எல்லாம் சேர்ந்து புள்ளியை ஒரு பக்கம் இழுத்துக் காட்டும். முதலில் ரப்பர் புளோயரால் தூசியை ஊதுங்கள், வாயால் ஊத வேண்டாம். பிறகு லென்ஸ் துடைக்கும் தாளில் ஒரு சொட்டு ஆல்கஹால் விட்டு, அழுத்தாமல், நடுவிலிருந்து ஓரத்துக்கு ஒரே இழுப்பு. தாளை மாற்றி இன்னொரு இழுப்பு. வேட்டி நுனியும் துண்டும் கூடாது. கண்ணாடி என்று நாம் சொல்வது சில மலிவு மாதிரிகளில் பிளாஸ்டிக்காகவே இருக்கும், அசிட்டோன் பட்டால் அப்போதே வெளுத்துவிடும். நெயில் பாலிஷ் நீக்கிகள் பலவற்றில் அதுதான் இருக்கிறது.

துடைத்த பிறகும் சிலந்தி வலை மாதிரிக் கோடுகள் தெரிந்தால் அது பூஞ்சை. ஆரம்ப நிலையில் இருந்தால் துடைத்து எடுத்துவிடலாம். நாளான பூஞ்சை தன் அமிலத்தால் பூச்சையே அரித்திருக்கும், அதற்கு வைத்தியம் இல்லை. உங்களுடையது ஒரே மழைக்காலத்துக் கோளாறு என்பதால் அவ்வளவு தூரம் போயிருக்காது என்று நம்புகிறேன், ஆனால் பார்க்காமல் அடித்துச் சொல்ல மாட்டேன்.

கண்ணாடி ஆடுகிறது என்றீர்களே, அதுதான் வாலுக்கான மூன்றாவது சந்தேகம். குழிந்த ஆடியில் ஒளி குறிப்பிட்ட சாய்வில்தான் பட வேண்டும். அந்தச் சாய்வு மாறினால் புள்ளி நீளும், இடமும் மாறும். ஆகவே கண்ணாடியைச் சட்டத்திலிருந்து வெளியே எடுக்காதீர்கள். எடுத்தால் எந்தப் பக்கம் எப்படி இருந்தது என்ற அடையாளமே போய்விடும். இருந்த இடத்திலேயே ஆட்டத்தை நிறுத்த ஒரு வழி சொல்கிறேன். இடம் வலம், மேல் கீழ் திருகுகள் இரண்டையும் அவற்றின் ஓட்டத்தின் நடுவில் நிறுத்துங்கள். ரெட் டாட்டைத் தொலைநோக்கியில் பொருத்துங்கள். மாலை வெளிச்சத்தில் தூரத்துச் செல்போன் கோபுரத்தின் உச்சியைத் தொலைநோக்கியின் நடுவில் கொண்டுவந்து பூட்டுங்கள். இப்போது ரெட் டாட் வழியாகப் பார்த்தபடி, கண்ணாடியின் ஓரத்தை ஒரு தீக்குச்சியால் மெல்லத் தள்ளுங்கள். ஓரிடத்தில் புள்ளி கோபுரத்துக்குப் பக்கத்தில் வந்து, வாலும் குறைந்து தெரியும். அந்த நிலையில் ஓரத்தில் இரண்டு இடத்தில் குண்டூசித் தலை அளவு இரண்டு கலவை எபாக்சி வைத்துவிட்டு, இறுகும்வரை விட்டுவிடுங்கள். ஆரல்டைட் என்று கேட்டால் ஹார்டுவேர் கடையில் கொடுப்பார்கள். ஃபெவிக்விக் வகைப் பசை எந்தக் காரணத்துக்காகவும் இங்கே வேண்டாம். அது இறுகும்போது கிளம்பும் ஆவி பக்கத்தில் இருக்கும் கண்ணாடிமேல் வெள்ளைப் படலமாகப் படிந்துவிடும். அதைப் பூச்சு கெடாமல் எடுப்பது மிகவும் கடினம். காடி வாசனை அடிக்கும் சிலிக்கோன் பசையும் வேண்டாம், அதன் அமிலம் பக்கத்தில் இருக்கும் உலோகத் தொடுப்பை அரிக்கும்.

இதுவரை சொன்னது திறந்த ஜன்னல் மாதிரி இருக்கும், தொலைநோக்கிக்கென்றே செய்த வகைக்கு. உங்களிடம் இருப்பது எந்த வகை என்று எழுதவில்லை. இரண்டு பக்கமும் கண்ணாடி மூடிய குழாயாக இருந்தால், அது ஏர் கன்னுக்காக (காற்றழுத்தத்தால் சுடும் துப்பாக்கிக்காக) செய்ததாக இருக்கலாம். தொலைநோக்கியைப் பழையதாக வாங்கும்போது இப்படிச் சேர்ந்து வருவது உண்டு. அந்தவகையில் நல்ல தரமானவற்றுக்குள் ஈரம் புகாதபடி நைட்ரஜன் அடைத்து, ரப்பர் வளையம் போட்டு மூடியிருப்பார்கள். திறந்தால் அந்தக் காப்பு போய்விடும். நம் மலையில் திறந்து மூடினால் மூடுபனியையும் சேர்த்து உள்ளே பூட்டிவைத்த மாதிரிதான். அதில் பேட்டரி மூடிவரை மட்டும் போங்கள், மேற்கொண்டு திறக்க வேண்டாம். துப்பாக்கி மாதிரிகளில் சிலவற்றில் பேட்டரியே இல்லாமல் ட்ரிடியம் என்ற கதிரியக்கப் பொருளால் புள்ளி ஒளிரும். அப்படி ஏதாவது குறி போட்டிருந்தால் திறக்கவே கூடாது. சுருள்வில் வைத்த ஏர் கன்னில் பூட்டி அடித்த ரெட் டாட் என்றால் இன்னொன்றையும் கவனியுங்கள். அந்தத் துப்பாக்கி சுடும்போது பின்னாலும் முன்னாலும் இரண்டு முறை உதைக்கும். சால்டர் விடுவதற்கு அந்த அதிர்ச்சியே போதும், மழையைக் குறை சொல்ல வேண்டியதில்லை.

சரி செய்த பிறகு நேர்ப்படுத்துவது, அதாவது ரெட் டாட்டும் தொலைநோக்கியும் ஒரே இடத்தைப் பார்க்கும்படி திருகுகளைத் திருத்துவது பற்றி. இதற்குப் பலர் ரொம்பவும் பயப்படுகிறார்கள். உங்கள் தொலைநோக்கியில் 25 மி.மீ. ஐபீஸ் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்) போட்டால் 26 மடங்கு பெரிதாகும், வானத்தில் ஏறத்தாழ 2 பாகை தெரியும். நான்கு நிலவை வரிசையாக வைக்கலாம். ரெட் டாட் அந்த வட்டத்துக்குள் கொண்டுவிட்டால் போதும். பகலில் எவ்வளவு தூரத்து இலக்கு வேண்டும் என்றும் குழம்ப வேண்டாம். ரெட் டாட்டுக்கும் தொலைநோக்கியின் நடுக்கோட்டுக்கும் 10 செ.மீ. இடைவெளி என்றால், 100 மீட்டர் தூரத்து இலக்கில் வரும் பிழை மூன்றரைக் கலைதான். ஒரு கிலோமீட்டர் தள்ளி இருந்தால் கணக்கிலேயே எடுக்க வேண்டாம். இரவில் நிலவையோ சிரியஸையோ வைத்து ஒருமுறை திருத்திக்கொள்ளுங்கள். துருவ நட்சத்திரம் வேண்டாம். நம் மலையிலிருந்து அது அடிவானத்துக்கு மேலே 10 பாகைதான் இருக்கும், பெரும்பாலும் மஞ்சு மறைத்துவிடும். பூமி சுழல்வதால் எந்த நட்சத்திரமும் நிமிடத்துக்குக் கால் பாகைவரை நகரும், ஆகவே பார்த்ததும் உடனே திருகைத் திருப்புங்கள். சூரியனை வைத்து நேர்ப்படுத்த யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வடிகட்டி இல்லாத தொலைநோக்கியில் ஒரு கணம் பார்த்தாலும் கண் போய்விடும். திருகு முனைவரை போயும் புள்ளி சேரவில்லை என்றால் அடித்தளம் சாய்ந்திருக்கிறது. அதன் ஒரு பக்கம் பழைய ஏ.டி.எம். கார்டை வெட்டி வைத்து உயர்த்துங்கள், திருகை முறுக்கி உடைக்காதீர்கள்.

மன்னவனூர் வானம் இருட்டு என்பதால் ஒரு சின்ன மாற்றமும் செய்துகொள்ளலாம். மலிவு ரெட் டாட்கள் குறைந்த வெளிச்சத்தில் வைத்தாலும் மங்கலான நட்சத்திரத்தை மறைக்கும் அளவுக்குப் பிரகாசமாக இருக்கும். எல்.இ.டிக்குப் போகும் ஒயரில் ஒன்றை வெட்டி நடுவில் 10 கிலோ ஓம் தடை ஒன்றைச் சேர்த்துப் பாருங்கள், போதவில்லை என்றால் 22. சால்டர் வைக்க எப்படியும் திறக்கிறீர்கள் என்றால் மட்டும் இதைச் செய்யுங்கள், இதற்காகவே திறக்க வேண்டாம்.

இனிமேல் கெடாமல் இருக்க, ரெட் டாட்டைக் குழாயிலேயே விட்டுவிடாமல் வேலை முடிந்ததும் கழற்றுங்கள். வெளியிலிருந்து குளிரோடு வீட்டுக்குள் கொண்டுவரும்போது ஜிப் வைத்த பிளாஸ்டிக் பைக்குள் போட்டு மூடிவிட்டுக் கொண்டுவாருங்கள். அறைச் சூட்டுக்கு வந்த பிறகு திறந்தால் வியர்வை பையின் வெளியே நிற்கும், கண்ணாடிமேல் வராது. பிறகு காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பையோடு வையுங்கள். மழை மாதங்களில் அந்த ஜெல்லை அவ்வப்போது சூடாக்கி உலர்த்த வேண்டும், நிறம் மாறுவதே அடையாளம். அரிசிக்குள் புதைத்து வைக்காதீர்கள், அரிசி ஈரத்தை அவ்வளவாக இழுக்காது, தவிட்டுத் தூசி மட்டும் உள்ளே போகும். பல வாரம் பயன்படுத்தப் போவதில்லை என்றால் பேட்டரியையும் எடுத்துவிடுங்கள். சுவிட்சை அணைக்க மறந்தால் ஒரு சில இரவுகளிலேயே புதுப் பேட்டரியும் தீர்ந்துவிடும்.

இதற்கிடையில் விருந்தினர் வந்துவிட்டால் ரெட் டாட் இல்லாமலும் சமாளிக்கலாம். மிகக் குறைந்த பெருக்கத்து ஐபீஸைப் போடுங்கள். ஒரு உறிஞ்சு குழலைத் தொலைநோக்கிக் குழாய்மேல் நீளவாட்டில் டேப் போட்டு ஒட்டி, அதன் வழியாகப் பாருங்கள். பகலில் அதே கோபுரத்தை வைத்து ஒட்டினால் இரவில் நிலவு, வியாழன், கார்த்திகைக் கூட்டம் எல்லாம் சுலபமாக அகப்படும். காகிதச் சோதனையில் என்ன தெரிந்தது, தலையைச் சாய்த்தபோது வால் எந்தப் பக்கம் போனது, உங்களுடையது திறந்த வகையா குழாய் வகையா, இந்த மூன்றையும் எழுதுங்கள். செல்போனில் எடுத்த படம் இருந்தால் அதையும் சேருங்கள். எந்த இடத்தில் கை வைப்பது என்று இன்னும் குறிப்பாகச் சொல்கிறேன்.